உடுமலை மூன்று முறை தேர்ந்தெடுத்த சாதிக் பாட்சா

திருப்பூரில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் சமுதாய இளைஞர்கள் சிலருடன் பள்ளிவாசல் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியது. இந்த மாவட்டத்தின் ஏதாவது ஒரு தொகுதியிலிருந்து முஸ்லிம் ஒருவர் எப்போதாவது சட்டமன்றத்துக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. ஒரு தம்பி சிரித்துவிட்டு, இங்கே நமக்கு எத்தனை ஓட்டு இருக்கிறது, அதெல்லாம் நடக்கிற காரியமா ஹஜ்ரத் என்றார்.

நடந்திருக்கிறது. அதுவும் நகரத்தில் அல்ல. தென்னந்தோப்பும் கரும்புக்காடும் ஆட்டுப்பட்டியுமாக இருந்த ஒரு கிராமத் தொகுதியில், மூன்று முறை நடந்திருக்கிறது. 1967, 1971, 1989 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களில் உடுமலைப்பேட்டை மக்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தவர் எஸ்.ஜே. சாதிக் பாட்சா. அறிஞர் அண்ணாவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்ற ஒன்பது பேரில் ஒருவர். கலைஞர் கருணாநிதியின் அமைச்சரவைகளில் மூத்த உறுப்பினர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொருளாளராக 1977 முதல் 1994இல் மரணிக்கும் வரை இருந்தவர். இத்தனை இருந்தும் அவருடைய சொந்த வட்டாரத்தில் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்க நம்மால் இயன்ற சிறு முயற்சியே இந்தக் கட்டுரை.

உடுமலை எப்படிப்பட்ட தொகுதி?

உடுமலைப்பேட்டை இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாகும் வரை அது கோவை மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை. தெற்கே ஆனைமலைத் தொடர், மேற்கே பொள்ளாச்சி, கிழக்கே பழனி. மலை அருகில் இருந்தும் மழை குறைந்த பூமி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், அதற்கு ஈடாக மழை வராது. அதனால்தான் பிற்காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் காற்றாலைகள் எழுந்தன. அதற்கு முந்தைய தலைமுறைக்குக் காற்றால் ஒரு பயனும் இல்லை. கிணற்று நீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்பதே அவர்கள் கவலை.

மக்கள்தொகையில் கொங்கு வேளாளக் கவுண்டர்கள் செல்வாக்கு மிக்கவர்கள். நாயக்கர், ஒக்கலிகர், செட்டியார், அருந்ததியர், தேவேந்திரர் எனப் பல சமூகங்கள் கலந்து வாழ்கின்றன. முஸ்லிம்கள் பெரும்பாலும் பேட்டைக்குள்ளும் சில பெரிய ஊர்களிலும் கடை, சந்தை வியாபாரம், தையல் என்று இருந்தவர்கள். பள்ளிவாசல் இல்லாத கிராமங்களே தொகுதியில் மிகுதி. நம் ஓட்டை மட்டும் எண்ணினால் ஒருவர் வைப்புத்தொகையைக்கூடத் திரும்பப் பெற முடியாது. சாதிக் பாட்சாவின் வெற்றியைப் பேசும்போது முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

சுதந்திரத்துக்குப் பின் இந்த வட்டாரத்தில் காங்கிரஸ் வேரூன்றி இருந்தது. அமராவதி அணை, பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் ஆகியவை காமராஜர் ஆட்சியில் உருவானவை. பொள்ளாச்சி மண்ணின் மைந்தரான சி. சுப்பிரமணியம் அந்த ஆட்சியில் செல்வாக்கு மிக்க அமைச்சர். 1962 தேர்தலில் உடுமலையில் காங்கிரஸ் வென்றது. அணை கட்டிக் கொடுத்த கட்சியை விவசாயி கைவிடுவான் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1967: காற்று திரும்பியது

ஆனால் ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 12 அன்று உடுமலைக்குப் பக்கத்திலேயே உள்ள பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பறிபோயின. சந்தைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி போய்வரும் உடுமலைக்காரர்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. தொடர்ந்து மழை பொய்த்தது, அரிசிப் பஞ்சம் வந்தது, விலை ஏறியது. இரண்டு கோபங்களும் சேர்ந்து 1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸைச் சாய்த்தன. 234 இடங்களில் தி.மு.க. மட்டும் 137 இடங்களை வென்றது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மக்களவைக்குக் கோபிச்செட்டிப்பாளையத்தில் நின்ற சி. சுப்பிரமணியமும் தோற்றார்.

அந்தத் தேர்தலில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் தலைமையிலான முஸ்லிம் லீக் தி.மு.க. கூட்டணியில் இருந்தது. தமிழக முஸ்லிம்களின் வாக்கு பெருமளவில் அந்தப் பக்கம் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் சாதிக் பாட்சா லீக் வேட்பாளர் அல்லர். உதயசூரியன் சின்னத்தில் நின்ற கழகத்துக்காரர். இந்த வேறுபாடு அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. முஸ்லிம்களின் பிரதிநிதியாக அல்லாமல், தம் ஊரின் பிரதிநிதியாகவே அவர் வாக்குக் கேட்டார். ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

1967 மார்ச் 6 அன்று அண்ணாவுடன் சேர்த்து ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. நெடுஞ்செழியன், கருணாநிதி, மதியழகன், ஏ. கோவிந்தசாமி, சத்தியவாணி முத்து, மாதவன், முத்துசாமி ஆகியோருடன் சாதிக் பாட்சாவும் அதில் இருந்தார். மக்கள் சுகாதாரம் அவர் பொறுப்பு. பட்டியல் சமூகத்திலிருந்து ஒரு பெண், சிறுபான்மைச் சமூகத்திலிருந்து ஒருவர் என்று அத்தனை சிறிய அமைச்சரவையிலும் இடம் தந்த அண்ணாவின் நோக்கு கவனிக்கத்தக்கது. அந்தச் சிறுபான்மை இடத்துக்கு முஸ்லிம்கள் திரண்டு வாழும் வடாற்காட்டிலிருந்தோ கடற்கரை ஊர்களிலிருந்தோ ஆள் தேடாமல், கொங்கு நாட்டின் ஒரு கிராமத் தொகுதியிலிருந்து அழைத்துக்கொண்டார் என்பதும் கவனிக்கத்தக்கதே.

அண்ணாவின் ஆட்சி இரண்டாண்டுகளே நீடித்தது. புற்றுநோய்க்கு அமெரிக்காவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவர் 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். அதே மாதம் கருணாநிதி முதலமைச்சரானார். சாதிக் பாட்சா புதிய அமைச்சரவையிலும் தொடர்ந்தார். கருணாநிதியின் ஆட்சிக் காலத்தில் அவர் பொதுப்பணித் துறையைக் கவனித்தார்.

தண்ணீரும் வாக்கும்

உடுமலைக்காரர் ஒருவர் கையில் பொதுப்பணித் துறை என்றால் அதன் பொருளை வெளியூர்க்காரர்கள் முழுமையாக உணர மாட்டார்கள். அணையும் வாய்க்காலும் அன்று அந்தத் துறையின் கீழ் இருந்தவை. மேற்கே பாயும் ஆறுகளின் நீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பி, திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் காடுகளுக்குக் கொடுப்பதே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். இங்கே எல்லோரும் பி.ஏ.பி. என்பார்கள். அதன் ஆயக்கட்டு இன்று நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் விவசாயிக்குத் தேர்தலைவிட மடை திறக்கும் தேதிதான் முக்கியம்.

இந்தத் திட்டத்துக்கான கேரள, தமிழ்நாடு ஒப்பந்தம் முறையாகக் கையெழுத்தானது 1970 மே 29 அன்று. 1958 நவம்பர் 9 முதலே அது நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அதாவது காங்கிரஸ் ஆட்சியில் தொடங்கி, அணைகள் எழுந்து, தண்ணீரும் ஓடத் தொடங்கிய பிறகு, தி.மு.க. ஆட்சியில்தான் ஏட்டில் ஏறியது. ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி முடித்து வைத்தது. பயன் பெற்றது பூமி. காவிரி பற்றிய 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் கெடு 1974இல் வந்ததால், அந்த ஆண்டுகளில் தமிழகத்தில் தண்ணீர் என்பது பெரும் அரசியலாகவும் இருந்தது.

1971 மார்ச்சில் மீண்டும் தேர்தல். இன்றைய சூழலில் நாம் கூர்ந்து படிக்க வேண்டிய தேர்தல் அது. அவ்வாண்டு ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மாநாட்டு ஊர்வலத்தில் இந்துக் கடவுளர் படங்கள் இழிவுபடுத்தப்பட்டதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. காமராஜரின் பழைய காங்கிரஸும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் சேர்ந்து நின்ற அணி அதைத் தேர்தலில் வலுவாகப் பேசியது. தி.மு.க. தெய்வ விரோதக் கட்சி என்று ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், கோயில் திருவிழாவை வாழ்க்கையின் மையமாகக் கொண்ட ஒரு விவசாயத் தொகுதியில், அந்தக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் ஒரு முஸ்லிம். மத உணர்வைத் தூண்டி அவரை வீழ்த்த அதைவிட வசதியான தருணம் இருக்க முடியாது. உடுமலை மக்கள் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலத்தில் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது.

அந்த மக்கள் தங்கள் மார்க்கத்தில் பற்றில்லாதவர்கள் அல்லர். பற்றுள்ள மனிதர்கள் தங்கள் பக்கத்துக் கடைக்காரரை, தங்கள் ஊர்க்காரரை அறிந்திருந்தார்கள். மேடையில் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதை நம்பினார்கள். இதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும், சகோதர சமுதாயத்தின் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கால் உடைந்த கட்சியில் கணக்குப் பிள்ளை

1972 அக்டோபரில் தி.மு.க. உடைந்தது. கட்சியின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., தலைவர்களும் நிர்வாகிகளும் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் பேச, அதற்காக நீக்கப்பட்டார். அவர் தொடங்கிய கட்சி 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் வென்றது. 1974இல் கோவை மேற்குச் சட்டமன்றத் தொகுதியையும் வென்றது. கோவை மக்களவைத் தொகுதியில் அதன் ஆதரவோடு கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் வெற்றி பெற்றார். உடுமலைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் தரை நழுவிக்கொண்டிருந்தது. 1976 ஜனவரி 31 அன்று நெருக்கடி நிலைக் காலத்தில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. ஊழல் புகார்களை விசாரிக்க நீதிபதி சர்க்காரியா தலைமையில் ஆணையம் அமைந்தது. அந்த ஆட்சியின் மீது எழுந்த கேள்விகளை மறைத்துவிட்டு அந்தக் காலத்து அமைச்சர் ஒருவரின் வரலாற்றை எழுதுவது நேர்மை ஆகாது. அந்தப் புகார்களில் நீதிமன்றத் தண்டனை எதுவும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1977 தேர்தலில் தி.மு.க. 48 இடங்களுக்குச் சுருங்கியது. உடுமலையில் அ.தி.மு.க.வின் குழந்தைவேலு வென்றார். 1980இலும் அவரே. சாதிக் பாட்சா 1977இல் சென்னை ஆயிரம் விளக்குத் தொகுதியில் வென்றார். ஆயிரம் விளக்கு என்ற பெயரே அங்குள்ள பள்ளிவாசலால் வந்தது. 1984இல் இந்திரா காந்தி மறைவின் அலையில் உடுமலையைக் காங்கிரஸ் பிடித்தது.

அந்த 1977இல்தான் கட்சி அவரைப் பொருளாளர் ஆக்கியது. அந்தப் பதவியின் கனத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். கட்சி உடைந்ததே கணக்குக் கேட்ட விவகாரத்தில். கணக்குக் கேட்டவர் வகித்ததே அந்தப் பதவி. ஆட்சி போய், வழக்குகள் சூழ்ந்து, வருமானம் வற்றிய நேரம். தொண்டர்கள் தந்த காசுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் கட்சி எதிர்க்கட்சியாகவே இருந்தது. பலர் வந்தார்கள், போனார்கள். 1993இல் வைகோ நீக்கப்பட்டு, கோவை வட்டாரத்தின் செல்வாக்குமிக்க மு. கண்ணப்பன் உள்ளிட்ட மாவட்டச் செயலாளர்கள் அவருடன் போனார்கள். சாதிக் பாட்சா இடம் மாறவில்லை. 1994இல் அவர் மரணித்தபோதும் பொருளாளராகவே இருந்தார். பதினேழு ஆண்டுகள்!

மதரஸாவில் ஓதியவர்களான நமக்கு இங்கே நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. தம் மார்க்கத்தைச் சாராத ஒரு மன்னரின் நாட்டில், களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கி, பாதுகாப்பவராகவும் விவரம் அறிந்தவராகவும் நின்று பஞ்சத்தில் அந்த மக்களைக் காத்தவர் அவர். ஒரு நபியோடு எந்த அரசியல்வாதியையும் ஒப்பிடுவது நம் நோக்கம் அல்ல, அல்லாஹ் பாதுகாப்பானாக. முஸ்லிம் அல்லாதவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் ஒரு முஸ்லிமுக்குக் கிடைக்கும் பொறுப்பு அமானிதம் என்பதற்கு நமக்குத் தரப்பட்ட முன்மாதிரி அது என்பதையே நினைவூட்டுகிறோம். சாதிக் என்ற சொல்லுக்கு உண்மையாளர் என்று பொருள். அந்தப் பெயருடைய ஒருவரிடம் ஒரு பெரிய கட்சி பதினேழு ஆண்டுகள் தன் பெட்டிச் சாவியைக் கொடுத்து வைத்திருந்தது.

1989 ஜனவரியில் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து, காங்கிரஸ் தனியாக நின்ற நான்குமுனைப் போட்டியில் தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வந்தது. உடுமலை தன் பழைய உறுப்பினரை மறுபடியும் அழைத்துக்கொண்டது. முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். 1967இல் தகப்பனின் தோளில் அமர்ந்து ஊர்வலம் பார்த்த குழந்தைகளும் இம்முறை அவருக்கு வாக்களித்திருப்பார்கள். அன்று வாக்களிக்கும் வயது 21.  மீண்டும் அவர் அமைச்சரானார். 1991 ஜனவரி 30 அன்று அந்த ஆட்சியும் கலைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ராஜீவ் காந்தி படுகொலையின் அனுதாப அலையில் தி.மு.க. இரண்டே இடங்களில் வென்றது. உடுமலையும் கைமாறியது.

நமக்குள் இருக்கும் ஒரு கேள்வி

அவரைப் பற்றி நம்மவர்களிடம் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும். திராவிடக் கட்சியில் இருந்த முஸ்லிம் சமுதாயத்துக்கு என்ன செய்தார்? கட்சிக்குத்தானே உழைத்தார்? நியாயமான கேள்விதான். இறை மறுப்பாளர்களும் இருந்த ஓர் இயக்கத்தில் முஸ்லிம் சேரலாமா என்று ஆலிம்கள் மத்தியிலேயே கருத்து வேறுபாடு இருந்தது.

இரண்டு செய்திகளைச் சொல்கிறோம். சட்டநாதன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் 1971இல் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு 25 விழுக்காட்டிலிருந்து 31 ஆக உயர்ந்தது. லெப்பை உள்ளிட்ட நம் சமுதாயப் பிரிவினரும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்ததால் அதன் பயன் நம் வீடுகளுக்கும் வந்தது. அந்த முடிவை எடுத்த அரசில் அவர் அமைச்சர். இது அவர் ஒருவரின் சாதனை என்று நாம் சொல்லவில்லை. முடிவெடுக்கும் மேசையில் நம்மில் ஒருவர் இருந்தார் என்கிறோம்.

இரண்டாவது, காயிதே மில்லத்தின் வழியும் சாதிக் பாட்சாவின் வழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சமுதாயத்தின் பெயரால் ஒருவர் பேச வேண்டும். ஊரின் பெயரால் இன்னொருவர் நிற்க வேண்டும். முதல் வழியை நாம் மறக்கவில்லை, ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம். இரண்டாவது வழிதான் தூர்ந்துபோனது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் 5.86 விழுக்காடு. 234 பேர் கொண்ட அவையில் அது 13 இடங்களுக்கு மேல் வரும். 2011, 2016, 2021 தேர்தல்களில் அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட நாம் வரவில்லை. கிடைக்கும் சில இடங்களும் பெரும்பாலும் நம் வாக்கு திரண்டுள்ள ஊர்களில்தான். கொங்கு நாட்டில் 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் கோவையில் நடந்தவை, இரு தரப்பிலும் அப்பாவிகளின் உயிரைக் குடித்ததோடு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நடுவே ஒரு சுவரையும் எழுப்பிவிட்டன. சாதிக் பாட்சா அதைக் காணாமலே போய்ச் சேர்ந்தார். அந்தச் சுவருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் பள்ளிவாசல் திண்ணையில் நம்மிடம் சிரித்தவர்கள். அவர்கள் மீது குற்றமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனவே இந்த வட்டார ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். உடுமலையில் அவரை நேரில் அறிந்த பெரியவர்கள், எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள். இளைஞர்கள் தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணியில் எத்தனை இடம் என்று பேசுவதோடு நிற்காமல், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். வார்டு, ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், பாசன சபை என்று ஊர்ப் பொதுக் காரியங்களில் முன்னால் நில்லுங்கள். தண்ணீர் வராத தெருவுக்காக நிற்பவரிடம், அந்தத் தெரு என்ன மார்க்கம் என்று கேட்பதில்லை.

மர்ஹூம் சாதிக் பாட்சா அவர்களின் நல்லமல்களை அல்லாஹ் ஏற்று, பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்குவானாக. அவரை நம்பி வாக்களித்த அந்த மண்ணுக்கு மழையையும், அங்கு வாழும் எல்லோருக்கும் மன ஒற்றுமையையும் தருவானாக. ஆமீன்.